கூடையும் நாற்காலியும்

நளாயினி கதையைக் கேட்டிருப்பீர்கள், தோழர்களே! தொழுநோயால் உடல் அழுகிய கணவனைக் கூடையிலே சுமந்து, அவன் விரும்பிய தாசியின் வீட்டு வாயிலுக்கே கொண்டு சென்றாளாம் மனைவி. அதுதான் கற்பு என்று கண்ணீர் மல்கக் கதாகாலட்சேபம் செய்தனர். நோய் நளாயினிக்கு வந்திருந்தால்? முனிவர் கூடை தூக்கியிருப்பாரா? அந்தக் கதையைப் புராணிகர் எழுதவில்லை. எழுதத் தோன்றவும் இல்லை.

இதே கேள்வியை மேடையில் கேட்டுக் கைதட்டல் பெற்றவன் நான். 2016-ஆம் ஆண்டு அந்தக் கேள்வி என் இல்லத்துக்கே வந்தது. என் துணைவியார் பக்கவாதத்தால் வீழ்ந்தார். வலக்கையும் வலக்காலும் செயலற்றன, பேச்சும் போயிற்று. மூளையின் இடப்பாதியிலே குருதி ஓட்டம் அடைபட்டால் இவை ஒருங்கே போவதுண்டு என்றார் மருத்துவர். முன்வினை என்றனர் உறவினர். அடைபட்டது குருதிக் குழாய். அதற்கு ஏன் முற்பிறவியைத் துழாவ வேண்டும்?

எங்கள் திருமணம் தீ வளர்த்து நடந்ததன்று. அறிஞர் அண்ணா ஆட்சியில், 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பு பெற்ற சுயமரியாதைத் திருமணம். மாலை மாற்றி, நண்பர்கள் முன்னிலையில் ஒப்பந்தம் படித்தோம். உறவினர் ஒருவர் அதையே பிடித்துக்கொண்டார். "ஒப்பந்தந்தானே, மாமா! விருப்பமில்லையேல் விலகலாம் என்று 1929-லேயே செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானம் போட்டவர்கள் அல்லவா நீங்கள்? விலகிக்கொள்ளுங்களேன்!"

நான் சினங்கொள்ளவில்லை. நேர்மையான கேள்விதான். ஆம், கதவு திறந்தே இருக்கிறது. அதைப் பூட்டு என்று இன்றும் சொல்லமாட்டேன். அடியும் உதையும் பட்டு அடைந்து கிடந்த பெண்களுக்காகத் திறந்த கதவு அது. ஆனால், திறந்திருப்பதாலேயே வெளியேற வேண்டும் என்பது என்ன வாதம்? அவரோடு வாழ்வதே என் விருப்பம். அவ்வளவுதான்.

விருப்பம் என்றேன்; எளிது என்று சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையேல் படுக்கைப்புண். முதல் ஆண்டு முழுதும் துண்டு துண்டாகத்தான் உறக்கம். ஒருநாள் பின்னிரவில், படுக்கை நனைந்துவிட்டதென்று அவரைக் கடிந்து பேசிவிட்டேன். அவர் விழியோரம் நீர். மறுமொழி கூற இயலாதவரிடம் வீரம் காட்டினேன்! பெண்ணுரிமை முழங்கிய அதே நாக்கு!

இந்த என்னைத்தான் தியாகி என்கின்றனர். "ஆண்மகனாக இருந்தும்..." என்றுதான் தொடங்குகிறது புகழுரை. எதிர்வீட்டு அம்மையார், படுத்துவிட்ட கணவரைப் பதினான்கு ஆண்டுகளாகப் பேணி வருகிறார். அவருக்கு என்ன பாராட்டு? "மனைவி என்றால் செய்யத்தானே வேண்டும்" என்பதோடு சரி. என்னைப் புகழும் ஒவ்வொரு சொல்லும் அவர்மீது விழும் பிரம்படி.

துணைவியார் இப்போது இடக்கையால் ஓரிரு சொற்கள் எழுதுகிறார். சென்ற திங்கள் ஒருநாள், கோணல் எழுத்தில் "கூட்டம்" என்று எழுதி, என்னையும் தம்மையும் சுட்டிக்காட்டினார். நான் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தி நெடுநாளாயிற்று. அந்த ஞாயிறன்றே இருவரும் சென்றோம். அரங்க வாயிலில் நான்கு படிகள். தோழர்கள் இருவர் சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கினர். அடுத்த கூட்டத்துக்குள் ஒரு சாய்தளம் அமைக்குமாறு செயலாளரிடம் சொல்லி வந்திருக்கிறேன்.