கறள் தட்டும் ஓசை

தலைமன்னாரில் ஓர் ஊரின் பெயரே 'பியர்'. கடலுக்குள் நீண்டு கிடந்த இறங்குதுறைக்கு ஆங்கிலேயர் வழங்கிய சொல், நாளடைவில் கரையிலுள்ள குடியிருப்புக்கும் புகையிரத நிலையத்துக்கும் பெயராகிவிட்டது. துறை செத்துப் பல ஆண்டுகளாகின்றன. பெயர் மட்டும் சாகவில்லை.

1973 இல் நான் அங்கு முதன்முதலாகச் சென்றபோது எனக்கு வயது எட்டு. அத்தையும் மாமாவும் இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறார்கள். மலைநாட்டிலிருந்து அவர்களைப் போன்றோரை ஏற்றிச் சென்ற வண்டியை எங்கள் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தனர். வழியனுப்ப வந்த அப்பாவையும் என்னையும், காவலில் நின்ற சிப்பந்தி ஒருவர் இரக்கப்பட்டுச் சிறிது தூரம் உள்ளே விட்டார். காலடியில் பலகைகள். அவற்றின் இடுக்கினூடே பார்த்தால் பச்சைக் கடல். அக்கடலுக்கும் பலகைக்கும் நடுவே, கயிற்றில் தொங்கிய ஓர் ஏணிப்பலகையில் இருவர் அமர்ந்து, இரும்புத் தூணைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தனர். மேலே அழுகை, கீழே டக் டக் என்ற அந்த ஓசை. அத்தையின் முகம் இன்று எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. அந்த ஓசை மங்கவில்லை.

2015 இல் தண்டவாளம் மீண்டும் பியர் வரை போடப்பட்டபின் ஒருமுறை அங்கு போனேன். பழைய துறையின் எலும்புக்கூடு கடலில் நின்றது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவருடன் பேச்சுக் கொடுத்தேன். இளமையில் அத்துறையின் பராமரிப்பு வேலையில் இருந்தவராம். நான் ஆசிரியன் என்றறிந்ததும் பாடம் நடத்தும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

"மாஸ்டர், இரும்பு தண்ணிக்குள்ள கெதியா உக்காது. தண்ணி ஏறி இறங்குற இடத்துக்குக் கொஞ்சம் மேல, அலை தெறிக்குது பாருங்கோ, அங்கதான் தின்னும்."

இதையே விஞ்ஞான நூல்களும் கூறுகின்றன. ஆழத்தில் பிராணவாயு குறைவு. அலை தெறிக்கும் பகுதியிலோ உப்பும் ஈரமும் காற்றும் மாறிமாறித் தாக்க, இரும்பு அங்கேதான் மிக விரைவாக அரிக்கப்படுகிறது. ஒட்டுச் சிப்பிகளைச் சுரண்ட வேண்டும்; கறளைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, நன்னீரில் கழுவி, உலரவைத்து மை பூச வேண்டும். கடைசித் தூணை முடிக்கும்போது முதல் தூண் மீண்டும் சிவந்திருக்கும். மரத்தூணென்றால் அதைத் துளைத்துத் தின்னும் கடற்புழு உண்டு. கொங்கிறீற்று என்றாலும் தப்பாது. உப்பு உள்ளே ஊறி, கம்பி கறள்பிடித்து வீங்கி, மேற்பூச்சைப் பிளந்து தள்ளிவிடும். துறை கட்டுதல் ஒருமுறை நிகழ்வது. திறப்பு விழாவும் கல்வெட்டும் அதற்குத்தான். காத்தல் என்றும் முடியாத வேலை. கயிற்றில் தொங்கியவன் பெயரைப் பொறித்த கல்வெட்டு எதையும் நான் கண்டதில்லை.

இத்துறை எதற்காகக் காக்கப்பட்டது? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த எம் முன்னோர் பலர் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் இரையாயினர். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே, ஏறத்தாழ 20 மைல் கடலைக் கடக்கும் கப்பற் சேவை தொடங்கியது. சென்னையில் எடுத்த சீட்டில் கொழும்புவரை வரலாயிற்று. தேயிலைக்கு வேண்டிய கைகளும் அவ்வழியே வந்தன. 1948 இல் அக்கைகளுக்குரியோரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனக் கணக்கெழுதியது. அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடித் துறை ஊரோடு அழிந்தது. ஆனால் அனுப்புவதை எந்தப் புயலும் நிறுத்தவில்லை. கப்பலை இராமேஸ்வரத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1984 இல் போர்தான் அச்சேவையை நிறுத்தியது.

எங்கள் லயக் காம்பராவின் கூரைத் தகரமும் கறள்பிடித்ததுதான். மழை ஒழுகும்; அம்மா சட்டி வைப்பாள். அந்தத் தகரத்தைத் தட்டிப் பார்க்க எவரும் சுத்தியலோடு வந்ததாக எனக்கு நினைவில்லை. எங்களை ஏற்றி இறக்கும் இரும்புக்கு இருந்த கவனிப்பு எங்களுக்கு இருந்ததில்லை. இதைச் சொன்னபோது முதியவர் சிறிது நேரம் பேசவில்லை.

"நாங்க கீழ இருந்து தட்டேக்க மேல அழுற சத்தம் கேக்கும் மாஸ்டர். முதலில நிப்பாட்டிப்போட்டுக் கேப்பம். பிறகு பழகிப்போச்சுது" என்றார்.

பின்னர், அத்தையிடமிருந்து கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்டார்.

"இரண்டு வந்தன ஐயா. இரண்டாவது கோத்தகிரியிலிருந்து. அங்கும் கொழுந்துதான் பறிப்பதாக எழுதியிருந்தா."

அவர் வலையை மடியில் இழுத்து, விட்ட இடத்திலிருந்து பொத்தத் தொடங்கினார்.