அழுத்தினால் ஒன்றும் நடக்காத பட்டன்!

வெளியூர் சுற்றிப் பார்க்க லீவு வேண்டும், கையில் காசு வேண்டும், வீட்டில் பர்மிஷன் வேண்டும். மூன்றும் இல்லாத ஆசாமிகளுக்கு ஒரு நல்ல ஊர் சொல்கிறேன். இன்டர்நெட்டின் பழைய டவுன்! 1990களில் கட்டியது. பாதி இடிந்துவிட்டது. மீதி இருப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் சுற்றிவிடலாம்.

இப்போது நாம் இன்டர்நெட் என்று அலைவதெல்லாம் நாலைந்து பெரிய மால்களுக்குள்தான். எங்கே திரும்பினாலும் அதே வெளிச்சம், அதே ஏ.சி., அதே 'இதை வாங்குங்க ஸார்'. பழைய டவுன் அப்படியில்லை. சந்து, பொந்து, முட்டுச் சந்து. ஒவ்வொரு வீட்டையும் அவரவரே கட்டியிருப்பார்கள். கதவு ஊதா, சுவர் மஞ்சள், கூரையில் மின்னும் நட்சத்திரம். உள்ளே நுழைந்தால் கேட்காமலே ஒரு பாட்டு வேறு பாடும்.

ஊர் எல்லையிலேயே ஒரு பக்கம் இருந்தது. 'ஒன்றும் செய்யாத மிகப் பெரிய பட்டன்' என்று அதற்குப் பெயர். பக்கத்தின் நடுவில் ஒரு பட்டன். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஜனங்கள் வந்து வந்து அழுத்தினார்கள். நான் மட்டும் என்ன, அழுத்தாமலா இருப்பேன்?

சரி, வாருங்கள். முதலில் ஒரு காபி.

கேம்பிரிட்ஜ் காபி

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் லேபில் 'ட்ரோஜன் ரூம்' என்று ஓர் அறை. அதன் வெளியே ஒரு காபி மெஷின். வேறு மாடிகளில் வேலை செய்யும் ஆராய்ச்சியாளர்களும் அதை நம்பித்தான் இருந்தார்கள். படியேறி, படியிறங்கி வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும். எந்த ஆபீஸிலும் உள்ள பிரச்னைதான். நாமாக இருந்தால் ஆபீஸ் பையனிடம் "கொஞ்சம் பாத்துட்டு வாப்பா" என்றிருப்போம். அவர்கள் ஆராய்ச்சியாளர்கள் ஆயிற்றே! 1991ல் பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்தினார்கள். க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேஸரும் பால் ஜார்டெட்ஸ்கியும் புரோக்ராம் எழுதினார்கள். அவரவர் கம்ப்யூட்டர் மூலையில் தபால்தலை சைஸில் பாத்திரம் தெரிந்தது. கறுப்பு வெள்ளை, 128-க்கு 128 புள்ளி. காபி இருக்கிறதா இல்லையா என்று தெரிய அதுவே தாராளம்.

1993 நவம்பரில் அந்தப் படத்தை வெப்பில் போட்டார்கள். உலகத்துக்கே தெரிந்தது. அங்கேதான் தமாஷ் ஆரம்பம். அந்தக் காபியில் ஒரு சொட்டுக்கூடக் கிடைக்க வழியில்லாதவர்கள் லட்சக்கணக்கில் வந்து எட்டிப் பார்த்தார்கள். பாத்திரம் நிறைந்தால் சந்தோஷம், குறைந்தால் கவலை. ஜப்பானிலிருந்து ஈமெயில் வந்தது: எங்களுக்குப் பகலாக இருக்கும்போது உங்களுக்கு ராத்திரி, பாத்திரம் இருட்டில் தெரியவில்லை, விளக்கை அணைக்காமல் வைக்க முடியுமா?

உலகின் முதல் வெப் கேமரா என்று பெயர் வாங்கிய சமாசாரம் இதுதான். இன்று வீடியோ காலில் மாமியாருக்குக் குழந்தையைக் காட்டுகிறோமே, அந்த வம்சத்துக்கு மூதாதை ஒரு காபிப் பாத்திரம்!

லேப் வேறு கட்டடத்துக்கு மாறியபோது, 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை நிறுத்தினார்கள். கடைசிப் படத்தில் ஸ்விட்சை அணைக்கும் விரல்கள் தெரியும். பழுதான அந்த மெஷினை ஏலம் விட்டார்கள். 3,350 பவுண்டுக்கு ஜெர்மனியின் 'ஸ்பீகல் ஆன்லைன்' பத்திரிகை எடுத்து, ரிப்பேர் செய்து மறுபடி காபி போட வைத்தது. பிற்பாடு பாடர்போர்ன் நகரத்துக் கம்ப்யூட்டர் மியூஸியத்துக்குப் போய்விட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் போன காபி மெஷின் வேறு எங்கே இருக்கிறது?

தண்ணீர் ஊத்துங்களேன், ஊருக்குப் போறேன்

அடுத்தது ஒரு தோட்டம். 1995ல் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கென் கோல்ட்பெர்க் என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் வைத்தார்கள். 'டெலிகார்டன்' என்று பெயர். ஒரு வட்டத் தொட்டியில் நிஜ மண். நடுவில் ரோபாட் கை ஒன்று. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் மவுஸை க்ளிக் செய்தால் அந்தக் கை விதை போடும், தண்ணீர் ஊற்றும், செடியைப் படம் பிடித்துக் காட்டும்.

வேலைவெட்டி இல்லாதவர்கள்தானே வருவார்கள்? ஆயிரக்கணக்கில் வந்தார்கள். முகம் பார்க்காத ஆட்கள் ஒருவருக்கொருவர் செய்தி விட்டார்கள்: "நான் ஊரில் இருக்க மாட்டேன், என் செடிக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற முடியுமா?" ஃப்ளாட்டில் எதிர் வீட்டு மாமியிடம் சாவி கொடுப்பது மாதிரி! 1996ல் தோட்டம் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்துக்குப் போய் 2004 வரை இருந்தது.

ஒருநாள் ஒரு மாணவர் கோல்ட்பெர்கிடம் கேட்டார்: 'அந்த ரோபாட் நிஜமா?' மனுஷன் ஆடிப்போனார். நியாயமான கேள்விதானே! பழைய படங்களை அடுக்கிவைத்து, க்ளிக் செய்தபோதெல்லாம் ஒன்றை எடுத்துக் காட்டினால் யாருக்குத் தெரியும்? தோட்டம் நிஜம்தான். ஆனால் கேள்வி இன்னும் பெரிய நிஜம். இன்று காலை உங்கள் போனுக்கு வந்த வீடியோவைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டிருந்தால் நல்லது.

நாற்பத்து மூன்று பேர் தடை செய்த தண்ணீர்

இந்தச் சந்தேகத்துக்கென்றே ஒரு வீடு உண்டு. 'டைஹைட்ரஜன் மோனாக்ஸைடு' என்ற பயங்கர ரசாயனம் பற்றி எச்சரிக்கும் தளம். பார்த்தால் அரசாங்க அலுவலகம் மாதிரி அவ்வளவு பவ்யமாக இருக்கும். இந்த ரசாயனம் அமில மழையில் இருக்கிறது. இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். மூச்சுக்குள் போனால் ஆள் காலி. புற்றுநோய்க் கட்டிகளில்கூட இருக்கிறது!

எல்லாம் சத்தியமான உண்மை. அந்த ரசாயனத்துக்கு ஹெச் டூ ஓ என்று இன்னொரு பெயர் உண்டு. தண்ணீர்!

1997ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 14 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் இதை வைத்து ஒரு சோதனை செய்தான். கூடப் படிக்கும் 50 பேருக்கு இந்தத் தகவல்களைக் கொடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டான். 43 பேர் 'தடை செய்!' என்றார்கள். சின்னப் பசங்க, போகட்டும் என்பீர்கள். 2004ல் கலிபோர்னியாவின் அலிஸோ வியெஹோ நகராட்சி ஃபோம் கப்புகளைத் தடை செய்யத் தீர்மானம் தயாரித்தது. அவற்றைச் செய்ய டைஹைட்ரஜன் மோனாக்ஸைடு பயன்படுகிறது என்பதும் ஒரு காரணம்! விஷயம் வெளியே வந்ததும் தீர்மானத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

இதைச் சொன்னதும் பக்கத்து ஸீட் நண்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். பத்தே நிமிஷத்தில், 'எந்த வியாதியும் மூணே நாளில் ஓடும்' என்ற கஷாயக் குறிப்பை எனக்கு அனுப்பிவைத்தார்.

கேக்குக்கு வைத்த பரீட்சை

டெக்ஸாஸின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 1995ல், பரீட்சை வாரத்தில், இரண்டு மாணவர்கள் படிப்பதை விட்டுவிட்டு ஒரு காரியம் செய்தார்கள். 'ட்விங்கி' என்று அமெரிக்காவில் ஒரு கேக். விரல் போல நீளமாக, உள்ளே க்ரீம் வைத்தது. நம் ஊர் டீக்கடை க்ரீம் பன்னுக்குத் தூரத்து உறவு. அந்த ட்விங்கியை மாடியிலிருந்து போட்டுப் பார்த்தார்கள். கொளுத்தினார்கள். தண்ணீரில் ஊறவைத்தார்கள். மைக்ரோவேவில் வைத்தார்கள். மின்சாரம் பாய்கிறதா என்று அளந்தார்கள். கடைசியாக, அதற்கு அறிவு இருக்கிறதா என்று ட்யூரிங் டெஸ்ட்டும் வைத்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் ட்விங்கி மௌனம் சாதித்தது. ஃபெயில்! இத்தனையையும் பிஎச்.டி. தீஸிஸ் மாதிரி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எழுதி வெப்பில் போட்டார்கள்.

"இதனால என்ன ஸார் பிரயோஜனம்?" என்றார் அதே நண்பர்.

ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். 1994ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மான்டுல்லி என்ற எஞ்ஜினீயர் மீன் தொட்டிக்கு ஒரு கேமரா வைத்து உலகத்துக்கே மீன் காட்டினார். அதே வருஷம் அதே மனிதர்தான் வெப்பில் 'குக்கி' என்ற சமாசாரத்தையும் கண்டுபிடித்தார். நீங்கள் யார், கூடையில் என்ன போட்டீர்கள் என்று கடைகள் ஞாபகம் வைத்துக்கொள்வது அதனால்தான். ஒரு கையால் மீன் காட்டினார், இன்னொரு கையால் உலக வியாபாரத்துக்கு அஸ்திவாரம் போட்டார். இதில் எது பிரயோஜனம், எது விளையாட்டு என்று அன்றைக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

இடித்துத் தள்ளிய நகரம்

இனி கடைசி ஸ்டாப். 'ஜியோஸிட்டீஸ்'. 1994ல் தொடங்கியது. யார் கேட்டாலும் வெப்பில் இலவச மனை! பேட்டை பேட்டையாகப் பிரித்து வீட்டு நம்பர் கொடுத்தார்கள். சினிமாப் பைத்தியங்களுக்கு ஹாலிவுட், கம்ப்யூட்டர் ஆசாமிகளுக்கு ஸிலிகான்வேலி, பறக்கும் தட்டுக் கோஷ்டிக்கு ஏரியா 51, குடும்பஸ்தர்களுக்கு ஹார்ட்லேண்ட்.

கனடாவில் டெய்ட்ரே லகார்ட் என்ற ஓவிய மாணவி 1998ல் இங்கே ஒரு வீடு கட்டினார். யார் பக்கத்துக்கு அதிகம் பேர் வருகிறார்கள் என்று சகோதரியோடும் தோழியோடும் பந்தயம். வளர்த்த வெள்ளெலியின் நினைவாக, வரிசை வரிசையாக 392 எலிப் படங்கள். எல்லாம் ஆடும்! ராபின் ஹூட் பற்றிய 1973ம் வருஷத்து டிஸ்னி படப் பாட்டொன்றை வேகமாகச் சுற்றவிட்டு 'கீச் கீச்' என்று பின்னணி. சில மாதங்கள் ஈ ஓட்டினார். 1999ல் திடீரென்று தினம் ஆயிரக்கணக்கில் கூட்டம். ஆபீஸ் ஆபீஸாக எலி ஆடியது. பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரும்பாலான வீடுகளுக்கு அந்த யோகம் இல்லை. வாசலில் மண்வெட்டியோடு ஒரு ஆள் பொம்மை, 'வேலை நடக்கிறது' என்று போர்டு. அந்த வேலை முடிந்ததே கிடையாது. கீழே, 'நீங்கள் 47-வது விருந்தாளி' என்று ஒரு மீட்டர். அதில் 40 தடவை வீட்டுக்காரரே வந்து போனதாக இருக்கும். ஆனால் சில கதவுகளைத் திறந்தால் சிரிப்பு நின்றுவிடும். ஹார்ட்லேண்ட் பேட்டையில், செத்துப்போன நாய்க்குப் பக்கம் கட்டியிருப்பார்கள். இறந்த குழந்தைக்கும் கட்டியிருப்பார்கள். ஒரு போட்டோ, இரண்டு தேதிகள், மெழுகுவத்திப் படம்.

1999ல் யாஹூ கம்பெனி இந்த ஊரைச் சுமார் 357 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. பத்து வருஷம் கழித்து, 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. கோடிக்கணக்கான பக்கங்கள். முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கும், உயிரோடு இல்லாதவர்களுக்கும் நோட்டீஸ் கொடுத்து என்ன லாபம்?

அப்போது 'ஆர்க்கைவ் டீம்' என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. ஜேஸன் ஸ்காட் என்பவர் தலைமை. சம்பளம் கிடையாது, யாரும் கூப்பிடவும் இல்லை. வெள்ளத்தில் பாத்திரம் பண்டம் எடுக்கிற மாதிரி, மூடுவதற்குள் கிடைத்ததையெல்லாம் இறக்கி வைத்தார்கள். 2010ல் மொத்தத்தையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் போட்டார்கள். மண்வெட்டி பொம்மை பிழைத்தது. மெழுகுவத்திகள் பலவும் பிழைத்தன.

இடிபடாமல் தப்பிய கட்டடங்களும் உண்டு. மைக்கேல் ஜோர்டன் கார்ட்டூன்களோடு பந்து விளையாடிய 'ஸ்பேஸ் ஜாம்' படத்துக்கு 1996ல் கட்டிய தளத்தை, 2021ல் அடுத்த படம் வந்தபோதும் இடிக்காமல் பக்கத்து மனைக்கு நகர்த்தி வைத்தார்கள். ஸான் ஃப்ரான்சிஸ்கோவின் பனிமூட்டத்தைக் காட்ட 1994ல் இரண்டு மாணவர்கள் வைத்த 'ஃபாக்கேம்' கேமராவை 2019ல் நிறுத்தப்போகிறோம் என்று அவர்களே சொன்னார்கள். அங்குள்ள பல்கலைக்கழகம் 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வாங்கி வைத்துக்கொண்டது.

போக வழி சுலபம். ப்ரூஸ்டர் கேல் என்பவர் 1996ல் தொடங்கிய 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' நூலகத்தில் 'வேபேக் மெஷின்' என்று ஒரு கவுன்ட்டர் இருக்கிறது. பழைய விலாசத்தைக் கொடுத்தால், எந்த வருஷத்துப் பக்கம் வேண்டும் என்று கேட்கும். டிக்கெட் கிடையாது. செத்துப்போன பக்கம் எழுந்து வந்து அதே மின்னும் நட்சத்திரத்தோடு நிற்கும்.

ஒரு யோசனை. கல்லூரி நாட்களில் நீங்களும் எங்கேயாவது ஒரு பக்கம் கட்டியிருப்பீர்கள். கவிதை, கிரிக்கெட் ஸ்கோர், ஒரு பெண்ணின் பெயரில் முதல் எழுத்து மட்டும்... அந்த விலாசம் ஞாபகம் இருந்தால் இந்த வாரமே தேடிப் பார்த்து, கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். அந்தப் பக்கத்தை இடிக்கிறவன் உங்களைக் கேட்டுவிட்டு இடிக்க மாட்டான்.

ஆபீஸ் நேரத்தில் மட்டும் தேடாதீர்கள். கேட்காமலே பாட்டுப் பாடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்!