பல்லின் கழுத்து

மார்ச் 4
பானைத் தண்ணீர் ஒரு வாய்தான் குடித்தேன். இடப்பக்க மேற்பல்லில் ஊசி ஏறியதுபோல் சுரீரென்றது. மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டேன்.

மார்ச் 6
கோரைப்பல்லுக்கு அடுத்த பல். ஈறை ஒட்டித் தடவினால் நகம் மாட்டுகிறது. சொத்தையில்லை, கறுப்புமில்லை. உளியால் செதுக்கியதுபோல் ஒரு வெட்டு.

மார்ச் 11
டாக்டரம்மா கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். பல்லின் கழுத்தில் எனாமல் மிகவும் மெலிசாம். அது போய்விட்டால் உள்ளே டென்டின், அதில் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள். குளிர் பட்டால் அவற்றிலுள்ள நீர் அசைகிறது, நரம்பு துடிக்கிறது. "அழுத்தித் தேய்ப்பீங்களா?" ஆமாம் என்றேன். பிறகு பல்லின் நுனியைத் தொட்டு, "மேலயும் தட்டையாத் தேஞ்சிருக்கே. ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?" என்றார். இல்லவே இல்லை என்றேன்.

மார்ச் 12
எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு பல் தேய்க்கக் கூடாதாம். அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும்.

மார்ச் 17
தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். 1907-இல் மில்லர் என்ற பல் மருத்துவர், பிடுங்கிய பற்களைப் பிரஷாலும் பல்பொடியாலும் தேய்த்தே இப்படிப்பட்ட வெட்டை உண்டாக்கிக் காட்டியிருக்கிறார். 1984-இல் லீயும் ஈக்கிளும் வேறு சொன்னார்கள்: கடிக்கும் அழுத்தத்தில் பல் நூலளவு வளைகிறது, அந்த இழுப்பு கழுத்தில் சேர்ந்து எனாமல் விண்டுபோகிறது. 1991-இல் கிரிப்போ அதற்கு அப்ஃப்ராக்‌ஷன் என்று பெயரிட்டார். வழக்கு இன்னும் தீரவில்லை. தென் பிரான்சின் பழங்கால எலும்புக்கூடுகளில் தேடியவர்களுக்கு இந்த வெட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம்.

அப்படியென்றால் பிரஷ்தான். மனசு லேசாயிற்று.

மார்ச் 18
அம்மாவை வெளிச்சத்துக்கு அழைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். "மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரி பாக்குறியேடி" என்றாலும் திறந்தாள். எழுபத்தெட்டு வருஷத்துப் பற்கள், பாதி உயரம்தான் மிச்சம். நுனியெல்லாம் தட்டை, நடுவில் மஞ்சள். ஆனால் கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆயுசுக்கும் உமிக்கரியும் விரலும்தான்.

"எனக்கு பிரஷாலதாம்மா" என்றேன்.

"ராத்திரி நறநறன்னு கடிக்கிறியே, அதுனால இல்லையா?"

அப்பா போனபிறகு இருவரும் கூடத்தில்தான் படுக்கிறோம். ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தூங்குறியே, அது போதும்னு விட்டுட்டேன்."

மார்ச் 19
அப்பா போன இரண்டு மாதத்தில் இவ்வளவு ஆழம் விழாது. வருஷக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும்.

அப்பா படுக்கையில் கிடந்தது நாலு வருஷம்.

மார்ச் 27
பள்ளத்தில் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். இரவில் மாட்டிக்கொள்ளும் உறைக்கு அளவெடுத்தாயிற்று. மிருதுவான பிரஷ் வாங்கினேன். அதைப் பேனா பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். கை கேட்கமாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 2
வலி இல்லை. பானைத் தண்ணீர் இரண்டு டம்ளர்.

ஏப்ரல் 16
காலையில் கொப்பளித்தபோது அடைத்தது பெயர்ந்து வந்துவிட்டது. அரிசிக் குருணையளவு. உறை இன்னும் வரவில்லை. நேற்று ராத்திரி எப்படி இருந்தேன் என்று அம்மாவிடம் கேட்டேன். பேசாமல் உள்ளே போய் வெந்நீர் கொண்டுவந்து தந்தாள்.