கோபேயில் ஒரு வேலிப்பொட்டு

ஜப்பானுக்குப் போகப்போகிறேன் என்றதும் நண்பர்கள் டோக்கியோவைப் பற்றியும் ஃபியூஜி மலையைப் பற்றியும்தான் சொன்னார்கள். நான் போனது கோபேக்கு. என் தங்கையின் மகன் அங்கே படிக்கிறான். "என்ன பார்க்கப்போறீங்க மாமா?" என்று தொலைபேசியில் கேட்டான். "நகாத்தா" என்றேன். "அங்க பார்க்க என்ன இரிக்கி மாமா? அது சப்பாத்து செய்யிற ஆக்கள்ர இடம்" என்று சிரித்தான்.

காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. 2005 ஜனவரியில், கடல் எங்கள் ஊரை அள்ளிக்கொண்டு போய் மூன்று வாரங்கள் கழிந்திருந்தபோது, அனர்த்தங்களைக் குறைப்பது பற்றிய ஐக்கிய நாடுகளின் உலக மாநாடு கோபேயில் நடந்தது. அகதி முகாமில் கிடந்த ஒரு பழைய பத்திரிகையில்தான் அந்த நகரத்தின் பெயரை முதலில் வாசித்தேன். 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46க்கு வந்த பூகம்பம் அந்த நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சிதைத்து 6,434 பேரைக் கொண்டுபோனது. அதில் எரிந்து சாம்பலான பகுதிகளில் ஒன்று நகாத்தா. அன்றிலிருந்து அந்தப் பெயர் மனதில் கிடந்தது.

கோபே, மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கி நீண்டு கிடக்கும் நகரம். சுமார் 15 இலட்சம் மக்கள். வழி கேட்டால் வடக்கு, தெற்கு என்று சொல்வதில்லை. மலைப்பக்கம், கடல்பக்கம் என்கிறார்கள். கடலுக்கும் வயலுக்கும் இடையில் பிறந்த எனக்கு அந்தப் பேச்சு உடனே பிடிபட்டது.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. மலைப்பக்கமாக ஏறினால் கிட்டானோ. 1868இல் துறைமுகம் திறக்கப்பட்ட பிறகு வெளிநாட்டு வணிகர்கள் வீடு கட்டிய சரிவு அது. கத்தோலிக்க தேவாலயம், யூதர்களின் ஆலயம், வெள்ளைக் கல்லில் ஜைனக் கோயில், சீனர்களின் கோயில் எல்லாம் நடை தூரத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே எங்கள் பள்ளிவாசல். 1935இல் திறக்கப்பட்ட இதுதான் ஜப்பானின் முதல் பள்ளிவாசல். வரைபடம் தந்தவர் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் ஷ்வாகர். பணம் தந்தவர்கள் பெரும்பாலும் இந்திய முஸ்லிம் வணிகர்கள். ரஷ்யப் புரட்சிக்குப் பின் ஓடிவந்த தாத்தாரியரும் சேர்ந்துகொண்டார்கள். அந்த இந்தியர்களில் பலர் 1923ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் யொக்கஹாமாவை இழந்து கோபேக்கு வந்தவர்கள். ஒரு பூகம்பம் கொண்டுவந்து சேர்த்த மக்கள் கட்டிய பள்ளிவாசல், 1945இன் குண்டுவீச்சிலும் 1995இன் பூகம்பத்திலும் விழாமல் நின்றிருக்கிறது. ஜும்ஆவுக்கு இந்தோனேசியர், பாகிஸ்தானியர், அரபிகள், ஜப்பானியர் என்று ஸஃப்புகள் நிறைந்திருந்தன. என் பக்கத்தில் நின்றவர் எந்த நாட்டவரென்று தெரியாமலே ஸலாம் கொடுத்துப் பிரிந்தேன்.

கடல்பக்கமாக இறங்கினால் நன்கின்மாச்சி, சீனத்தெரு. சிவப்பு விளக்குகளும் ஆவி பறக்கும் மூங்கில் தட்டுகளுமாக நெரிசல். 1995இல் சீனப் புத்தாண்டு பூகம்பத்துக்கு இரண்டு வாரம் கழித்து வந்தது. கடைக்காரர்கள் விழாவை நிறுத்திவிட்டுத் தெருவில் அடுப்பு மூட்டிச் சூடான உணவு ஆக்கினார்கள். அதைத் தாண்டித் துறைமுகத்துக்குப் போனால், உடைந்த இறங்குதுறையில் சுமார் 60 மீற்றரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். விளக்குக் கம்பங்கள் சரிந்தபடி நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கிறார்கள். நானும் எடுத்தேன்.

மறுநாள் ரயிலில் மேற்கே போய் ஷின்-நகாத்தா நிலையத்தில் இறங்கினோம். அருகிலுள்ள பூங்காவில், சித்திரக்கதையில் வரும் 28ஆம் இலக்க இரும்பு மனிதன் சுமார் 15 மீற்றர் உயரத்தில் முஷ்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அந்தக் கதையை வரைந்த யொக்கொயாமா மிட்சுதேரு கோபேக்காரர். மீண்டெழுந்ததன் அடையாளமாக 2009இல் சிலையை நிறுவினார்கள். அவனுக்குப் பின்னால் உயர்ந்த மாடிகளும் அகன்ற வீதிகளும். ஆனால் மாடிகளின் கீழே உள்ள கடைகளில் பல இரும்புக் கதவு இழுத்து மூடிக் கிடந்தன.

நகாத்தா ஏழைத் தொழிலாளர்களின் பகுதி. செயற்கைத் தோல் சப்பாத்துகள் இங்கேதான் செய்யப்பட்டன. கொரியர்கள், பின்னர் வியட்நாம் அகதிகள், ஜப்பானியர் எல்லோரும் ஒட்டிய மரவீடுகளில் வாழ்ந்தார்கள். 1923இல் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தியால் டோக்கியோவிலும் யொக்கஹாமாவிலும் கொரியர்கள் கொல்லப்பட்டார்கள். 1995இல் அந்தப் பயம் இங்கிருந்த முதியவர்களுக்கு மீண்டும் வந்தது. ஆனால் நடந்தது வேறு. கொரியப் பாடசாலையில் ஜப்பானிய அயலவரும் வந்து தங்கினார்கள். ஜப்பானிய மொழி தெரியாதவர்களுக்காகக் கொரிய மொழியிலும் வியட்நாம் மொழியிலும் சிறு வானொலிகள் தொடங்கின. பின்னர் இரண்டும் இணைந்து பல மொழிகள் பேசும் ஒரே வானொலியாயின. எரிந்துபோன தக்காத்தோரி தேவாலயத்தின் இடத்தில், ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர் 58 கடதாசிக் குழாய்களால் ஒரு மண்டபம் கட்டினார். பத்து ஆண்டுகள் பயன்பட்ட பின், பூகம்பம் கண்ட தாய்வான் கிராமமொன்றுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள்.

நகாத்தாவிலேயே மானோ என்றொரு சிறு பகுதி. தொழிற்சாலைப் புகைக்கு எதிராக 1960களிலேயே ஒன்றுகூடிய அயல் அது. பூகம்பத்தன்று அந்த மக்கள் வரிசையில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றினார்கள். பக்கத்துத் தொழிற்சாலை ஆட்களும் சேர்ந்தார்கள். தீ அங்கே நின்றது. இடிபாடுகளில் சிக்கியவர்களில் பெரும்பாலானோரை மீட்டவர்கள் குடும்பத்தாரும் அயலவரும்தான். யார் எந்த அறையில் தூங்குவார் என்பது அயலவருக்குத்தானே தெரியும்!

மதியம் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தோம். சோறையும் நூடில்ஸையும் இரும்புத் தட்டில் கொத்திக் கிளறிக்கொண்டிருந்தார் ஒரு முதிய பெண். இந்த ஊரின் பேர்போன சாப்பாடு அது. எங்கள் கொத்துரொட்டிச் சத்தம்தான். இறைச்சியும் ஸோஸும் எங்களுக்கு ஒத்துவராதென்று மருமகன் பணிவாகச் சொன்னான். அவர் கோபிக்கவில்லை. தேநீர் ஊற்றி, ஆளுக்கொரு சின்னத் தோடம்பழம் வைத்தார்.

பூகம்பத்தில் வீடு எரிந்த பிறகு தாயோடு தற்காலிக வீட்டுக்குப் போனதாகச் சொன்னார். குலுக்கல் முறையில் கிடைத்த வீடு. முதியவர்களுக்கே முதலிடம் கொடுத்தார்களாம். நகரத்துக்கு வெளியே, குன்றுகளுக்கு அப்பால். பக்கத்தில் ஒருவரையும் தெரியாது. "அம்மா ஒவ்வொரு நாளும் ரயிலேறி இங்கே வருவார். எரிந்த தெருவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்" என்றார். அந்தத் தற்காலிகக் குடியிருப்புகளில் ஐந்து ஆண்டுகளுக்குள் 233 பேர் எவரும் அறியாமல் தனியே இறந்தார்கள் என்பதை நான் முன்பே வாசித்திருந்தேன்.

"உங்கள் ஊரிலும் சுனாமி வந்ததல்லவா, நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?" என்று அவர் கேட்டார்.

மருமகன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அப்போது நான்கு வயது. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று சொன்னபோது, எங்கள் தெருவுக்கு உள்ளே தள்ளி வீடுகள் கொடுபட்டன. பங்கிடும் குழுவில் நானும் இருந்தேன். சிபாரிசு கூடாது, குலுக்கல்தான் நீதி, வயதானவர்களுக்கு முதலிடம் என்று உரத்துப் பேசியவன் நான். உம்மாவுக்கு நல்ல வீடு கிடைத்தது. நாற்பது வருடம் அடுத்த வீட்டில் இருந்த மாமிக்கு வேறொரு திட்டத்தில் கிடைத்தது. பழைய வீட்டில் இருவருக்கும் இடையில் ஒரு வேலிப்பொட்டு இருந்தது; உப்பும் தேங்காய்ப் பாதியும் ஊர்க்கதையும் அதற்குள்ளால்தான் போய்வரும். புதிய வீட்டின் சீமெந்து மதிலைப் பார்த்துக்கொண்டே உம்மா கடைசிக் காலத்தைக் கழித்தார். 2011இல் உம்மா மௌத்தானபோது மாமிக்குச் செய்தி போனது அடக்கிய பிறகுதான்.

சுனாமிக்கு இரண்டு மாதம் முன்பு, 2004 ஒக்டோபரில் ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில் பூகம்பம் வந்தபோது, யமகோஷி கிராமத்தவரைக் குக்கிராமம் குக்கிராமமாகவே ஒன்றாகக் குடியேற்றினார்கள். கோபேயில் கற்ற பாடம் அது. நாங்கள் குலுக்கல் சீட்டு எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அந்த மக்கள் பழைய அயலவரோடு இருந்தார்கள்.

இதையெல்லாம் சொன்னேன். மருமகன் மெதுவாக மொழிபெயர்த்தான். அந்தப் பெண் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அந்த மாமி இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறார் என்றேன். தோடம்பழத்தை என் பக்கமாகத் தள்ளி, சாப்பிடச் சொன்னார்.

ஊர் திரும்பிய மறுநாள் மாமியைப் பார்க்கப் போனேன். கண் பார்வை குறைந்திருந்தது. குரலை வைத்து அறிந்துகொண்டார். ஜப்பான் கதை ஒன்றும் அவருக்குத் தேவைப்படவில்லை.

"உம்மாட ஊட்டுக்குப் பக்கத்தில இப்ப ஆரு மகன் இரிக்காங்க?" என்று கேட்டார்.

அந்த வீட்டில் இப்போது இருப்பவன் நான்தான். பக்கத்து வீட்டாரின் பெயர் எனக்குத் தெரியவில்லை.