பன்னிரண்டு வாரம் பொறுங்கள்

மாடிப்படிக்கு அடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று தெரிந்தால் போதும், மூன்றாம் வாரமே கேட்டு வந்துவிடுவார்கள். "கண்ணுதான் திறந்துடுச்சே, குடுங்களேன்." ஐந்தாம் வாரம், "தானா சாப்பிடுதே, இன்னும் என்ன?" தெருக்குட்டிகளை வளர்த்து வீடு பார்த்துக் கொடுப்பவள் நான். தட்டில் வாய் வைத்துவிட்டது என்பதற்காக ஒரு குட்டியையும் அனுப்ப மாட்டேன்.

அதன் படிப்பே அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு குட்டி இன்னொன்றின் காதைக் கவ்வுகிறது. கொஞ்சம் அழுத்திவிட்டால் கடிபட்டது வீலென்று கத்திவிட்டு விலகிப் போய்விடும்; விளையாட ஆளில்லை. சற்று நேரம் கழித்து மறுபடி வந்து கவ்வும்போது பல் மெதுவாகத்தான் பதியும். தாயிடம் அத்துமீறினால் ஒரு சீறல், தலையில் ஓர் அறை. இந்தப் பாடத்தை எந்த மனிதக் கையாலும் சொல்லித்தர முடியாது. சின்னதில் தனியாகப் பிரிந்து வந்த பூனைகள்தான் பெரும்பாலும் வளர்ந்தபின் கையைப் பிறாண்டுகின்றன. 2017இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறாயிரத்துக்கு நெருக்கமான பூனைகளின் விவரம் திரட்டிப் பார்த்தார்கள். எட்டு வாரத்துக்கு முன் பிரித்தவற்றிடம் மூர்க்கம் கூடுதலாக இருந்தது. பதினான்கு வாரம் இருக்கவிடலாம் என்பது அவர்கள் முடிவு; நான் கேட்பது பன்னிரண்டுதான்.

அதுவரை மனித வாடையே படாமல் விட்டுவிடவும் கூடாது. இரண்டிலிருந்து ஏழு வாரத்துக்குள் தினமும் தூக்கிப் பழக்க வேண்டும். மிக்சி சத்தம், குக்கர் விசில், வீட்டுப் பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் காதில் விழட்டும்.

தடுப்பூசிக் கணக்கும் உண்டு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி எட்டு வாரத்தை ஒட்டிக் குறையத் தொடங்கும். அப்போது முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது. நடுவில் புது வீடு, புதுத் தண்ணீர், பிரிவின் கலக்கம் என்று ஏற்றிவைத்தால், வாந்தியும் பேதியுமாக வரும் பார்வோ காய்ச்சல் ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும்.

தாயற்ற குட்டிகளை, அந்தக் கடிப் பாடத்துக்காக, உடன்பிறப்போடாவது சேர்த்து வையுங்கள்.

பிடித்த குட்டியைச் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். வாரம் ஒருமுறை வந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வாரம் முடிந்து, இரண்டாம் ஊசியும் போட்டபின் கூட்டிப்போங்கள். முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாக.