திரியை இட்டு வைத்தாள்

எம். புதுப்பட்டியில் அந்த அம்மையாரின் பூஜை மாடத்தில் திருநீற்று மடலுக்கு அருகிலேயே மாத்திரை அட்டையும் இருக்கும். இளமையில் தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர், வயது 68. மனச்சோர்வு அவரைப் பற்றி 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

தொடக்கத்தில் அதை நோயென்று எவரும் எண்ணவில்லை. விழிப்பு வந்தும் எழ இயலாது, உணவில் சுவையிராது, கோயில் மணி கேட்டாலும் உள்ளம் அசையாது. தமக்குப் பக்தி குறைந்துவிட்டதென்று அவரே தம்மை நொந்துகொண்டார். நோயினும் கொடியது அதுதான்.

மருத்துவம் பார்த்துத் தேறினார். 'தெய்வத்தை நம்புகிறவளுக்கு மாத்திரை எதற்கு?' என்று உறவினர் ஒருவர் கேட்க, தாமாகவே நிறுத்திவிட்டார். சில மாதங்களில் மீண்டும் படுக்கை. சர்க்கரை நோய் மாத்திரையை அவ்வாறு நிறுத்தச் சொல்ல எவருக்கும் துணிவு வராது.

கீதையின் முதல் அத்தியாயத்திற்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். அவன் கலக்கம் வேறு, இந்நோய் வேறு. எனினும் வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்தவனைப் பகவான் கைவிடவில்லை; 18-ஆம் அத்தியாயம் வரை உடனிருந்து பேசினார்.

இரண்டாம் முறை தேறியபின் அம்மையார் மனம் வரட்டுமென்று காத்திருப்பதில்லை. காலை 6 மணிக்கு விளக்கு. இயன்ற நாளில் கோலம், கோயில் வரை நடை, பூக்காரியிடம் இரண்டு சொல். இயலாத நாளில் விளக்கு மட்டும். அதுவும் கணக்கில் சேரும். முந்தைய இரவு உறங்கிய நேரத்தைச் சிவகாசித் தினசரி நாட்காட்டித் தாளில் பென்சிலால் குறிப்பார். தொடர்ந்து மூன்று இரவு உறக்கம் கெட்டால், மாதத் தவணைக்குக் காத்திராமல் மருமகள் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டுமென்பது தெளிந்திருந்த நாளில் இருவரும் பேசி வைத்த ஏற்பாடு. வாழ்வே வேண்டாமென்று தோன்றும் வேளைக்கென, சுவரில் 14416 என்ற எண்ணும் எழுதப்பட்டுள்ளது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூடிக் கிடக்கும் வாரங்கள் அவருக்குக் கடினமானவை. வேலையின்றி மகன் திண்ணையில் அமர்ந்திருப்பான். வீட்டில் பேச்சுக் குறையும். சென்ற கார்த்திகையில் வாசலில் ஒன்பது நாள் கோலமில்லை. மருத்துவரிடம் போய் வந்தார்கள். மாத்திரையின் அளவு மாறியது. அது பலன் தரச் சில வாரங்களாகும் என்றார் மருத்துவர்.

அந்த நாட்களில் மருமகள் எதுவும் கேட்கவில்லை. விடியலில் அகலில் எண்ணெய் ஊற்றித் திரியை இட்டு, தீப்பெட்டியை அருகில் வைத்து, "அத்தை, ஆறு மணி ஆச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். ஏற்றுவது அத்தையின் வேலை.