ஆகாயத்தில் உபசாரம்

எங்கள் வள்ளியூர்ப் பக்கத்தில் உபசாரத்துக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து, "சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பது அந்த இலக்கணப்படி பெரும் பிழை. அப்படிக் கேட்டால் மானமுள்ள மனிதர் யாராயிருந்தாலும், "வேண்டாம், இப்போதுதான் ஆச்சு" என்பார். பசியோடுதான் சொல்வார். ஆகையால் இங்கே யாரும் கேட்பதில்லை. இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, "கையைக் கழுவிட்டு வாங்க" என்பார்கள். அதற்கு மேல் விருந்தாளிக்குச் சுதந்திரம் கிடையாது. காபியானால் அந்த ஒரு வார்த்தையும் இல்லை. தம்ளர் நேரே கைக்கு வந்துவிடும்.

இந்த இலக்கணத்தில் எழுபத்தெட்டு வருஷம் ஊறிய ஒரு ஸ்திரீயை ஆகாய விமானத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? 2023-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் அதைப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. அந்த ஸ்திரீ என் பெரியம்மா.

வேடிக்கைக்காக ஏற்றவில்லை. அன்று காலை பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. மாமாவுக்கு, அதாவது பெரியம்மாவின் ஒரே தம்பிக்கு, இருதயக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆபரேஷன். மாமாவுக்கு வயது எழுபது. சர்க்கரை வியாதி வேறு. டாக்டர்கள் தைரியம்தான் சொன்னார்களாம். ஆனாலும், பார்க்க வேண்டியவர்கள் இன்றைக்கே வந்து பார்த்துவிடுவது நல்லது என்றும் சேர்த்துச் சொன்னார்களாம். அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு யாரும் பெரியம்மாவுக்குப் பொழிப்புரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. பேசாமல் அடுக்களைக்குள் போனாள். முக்கால் மணி நேரத்தில் புளிச்சோறு கிளறி வாழை இலையில் பொட்டலம் கட்டி, "எய்யா, புறப்படு" என்றாள்.

எப்படிப் புறப்படுவது? கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் மாலையில்தான் வள்ளியூருக்கு வரும். எழும்பூரில் அது போய் நிற்கும்போது விடிந்து ஆறு மணி சுமார் ஆகிவிடும். நாங்கள் ஸ்டேஷனை விட்டு வெளியே வருவதற்குள் மாமாவை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். காரில் போகலாம் என்றால் அத்தனை தூரம் பெரியம்மாவின் முதுகு தாங்காது. பாக்கி இருந்தது வாகைக்குளம்.

தூத்துக்குடி விமான நிலையம் என்று பலகையில் எழுதியிருக்கும். ஆனால் அது இருப்பது திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே வாகைக்குளத்தில். 1992-ல் திறந்தார்கள். திறந்த பிறகு நெடுங்காலம் அங்கே ஈ காக்கைதான் இறங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் போன வருஷத்தில் ஓடுபாதையின் நீளம் 1,350 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது திண்ணை மாதிரி. இறங்கினால் நிற்க இடம் போதாது. ஆகவே விசிறி வைத்த ஏடிஆர் விமானங்கள் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தன. பிரான்ஸ் தேசத்தில் தூலூஸ் என்ற நகரத்தில் பூட்டப்படும் விமானம் அது. ஐரோப்பாவில் ஒரு சிற்றூரிலிருந்து இன்னொரு சிற்றூருக்குப் போகிற ஜனங்களுக்காகப் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் சேர்ந்து செய்தது. சிற்றூர் என்பது எங்கேயும் சிற்றூர்தானே, நமக்கும் பொருந்திவிட்டது. ஏறும் கதவு வாலுக்குப் பக்கத்தில். கதவே மடிந்து படியாகிவிடும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் கீழே பூமி தெரியும். அவசரமாக வாங்கிய இரண்டு சீட்டுக்குப் பதினாலாயிரம் ரூபாய் ஆயிற்று. பெரியம்மாவிடம் நான் சொன்ன கணக்கு வேறு.

அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே விசிறி சுழல ஆரம்பித்ததும் என்னைப் பார்த்து, "முப்பந்தல் காத்தாடி மாதிரியே இருக்கே" என்றாள். பிறகு பேச்சு நின்றுவிட்டது.

அப்போது ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. ஆசனப் பட்டையை எப்படிக் கட்டுவது, எப்படி அவிழ்ப்பது, மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது, எந்தக் கதவு வழியாக ஓடுவது என்று சாங்கோபாங்கமாகச் சொன்னது. முதலில் இங்கிலீஷில், பிறகு ஹிந்தியில். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. தூத்துக்குடியில் ஏறிச் சென்னையில் இறங்குகிற விமானம் ஐயா அது! ஏறியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் பக்கத்து மனிதர்கள். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், நேர்த்தியாக விபூதி அணிந்தவர், ஒலிபெருக்கி ஓய்ந்ததும் கைகூப்பிக் கும்பிட்டார். ஏதோ பிரார்த்தனை நடந்ததாக நினைத்தார் போலிருக்கிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியைப் புரியாத பாஷையில் சொன்னால் அது மந்திரமாகத்தான் கேட்கும்.

2018 டிசம்பரில் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. விமான நிலையங்களில் அறிவிப்புகளை முதலில் அந்தந்த ஊர் பாஷையில் சொல்ல வேண்டும், பிறகுதான் ஹிந்தியும் இங்கிலீஷும் என்று. நல்ல உத்தரவு. நிலையத்தில் தமிழ் கேட்டது. நிலையத்தில் தமிழ் கேட்காமல் போனால் விமானத்தைத் தவற விடுவோம். விமானத்துக்குள் கேட்காமல் போனால் எதைத் தவற விடுவோம் என்று ஒரு கணம் யோசிக்கக் கூடாதோ? சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தமிழ் விமானி பிரயாணிகளோடு தமிழிலேயே பேசி, கீழே காவேரி தெரிகிறது, ஸ்ரீரங்கம் தெரிகிறது என்று காட்டினாராம். தமிழ்நாடே அதைக் கேட்டுக் கொண்டாடியது. கொண்டாடியதில் எனக்குச் சந்தோஷமும் உண்டு, வருத்தமும் உண்டு. தினப்படி நடக்க வேண்டிய காரியம் ஒரு நாள் நடந்தால் அது அதிசயமாகிவிடுகிறது பாருங்கள்.

நான் பெரியம்மாவுக்குப் பட்டையைக் கட்டிக் காட்டி, அவிழ்த்துக் காட்டி, மிதவைச் சட்டை ஆசனத்தின் அடியில் இருப்பதையும் சொன்னேன். "கடல் மேலயா போவுது?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பின்னே எதற்குச் சட்டை என்ற கேள்வியை அவள் வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டாள்.

விமானம் கிளம்பிற்று. தூரத்தில் தூத்துக்குடி உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகள் மாதிரி மின்னி மறைந்தன. சற்று நேரத்தில் நடைபாதையில் தள்ளுவண்டி வந்தது.

அந்த விமானத்தில் 78 ஆசனம். ஐம்பது ஆசனத்துக்கு ஒரு பணியாளர் வீதம் இருக்க வேண்டும் என்று சட்டம். ஆகவே இரண்டு பெண்கள். ஒன்றரை மணிப் பிரயாணத்தில் ஏறுகிற நேரத்தையும் இறங்குகிற நேரத்தையும் கழித்தால் ஐம்பது நிமிஷம்தான் மிச்சம். ஒருத்திக்கு 39 பேர். ஆளுக்கு ஒன்றேகால் நிமிஷம். அதற்குள் கேட்க வேண்டும், கொடுக்க வேண்டும், காசு வாங்க வேண்டும், சில்லறை தர வேண்டும், எச்சில் கோப்பைகளைத் திரும்ப வாங்கிக் கட்ட வேண்டும், இவ்வளவுக்கும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கலியாணப் பந்தியில் பரிமாறுகிற சூரர்களைக்கூட இந்தக் கணக்கு திணற அடித்துவிடும்.

எங்கள் பக்கம் வந்தவள் வடகிழக்குச் சீமைப் பெண். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. பெரியம்மாவைப் பார்த்துக் குனிந்து, எங்கேயோ கற்றுக்கொண்ட தமிழில், "அம்மா, சாப்பிட வேணுமா?" என்றாள்.

"வேண்டாம் தாயி, இப்பந்தான் சாப்பிட்டேன்" என்றாள் பெரியம்மா.

காலையில் போன் வந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவள் பல்லில் படவில்லை என்பது எனக்குத் தெரியும். எனவே நான் ஒரு கோப்பை உப்புமா வாங்கினேன். உலர்ந்த உப்புமாவில் வெந்நீர் ஊற்றி மூடித் தருகிறார்கள். சிறிது நேரம் பொறுத்துத் திறந்தால் உப்புமா என்று சொல்லத்தக்க ஒரு பதார்த்தம் இருக்கிறது. நான் இரண்டு நூறு ரூபாய் நோட்டுக்களை எடுத்து நீட்டியதைப் பெரியம்மா பார்த்துவிட்டாள். அந்தப் பெண் நகர்ந்ததும் என் காதருகே, "உள்ள கூட்டி உக்கார வச்சிட்டுத் துட்டு கேக்கா பாத்தியா?" என்றாள். உப்புமாவை அவள் தொடவில்லை. நான்தான் சாப்பிட்டேன். உப்பு உறைக்கவில்லை. சமைத்தவர் மேல் பழி இல்லை. உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து, காற்றும் உலர்ந்து போவதால் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மட்டுப்பட்டுவிடுகின்றன. இயந்திர இரைச்சலும் ருசியைக் கெடுக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

துட்டு கேட்பது புது வழக்கமென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விமானக் கம்பெனி பிரயாணிகளுக்குக் கொடுத்த முதல் போஜனமே விலைக்கு விற்றதுதான் என்கிறார்கள். 1919 அக்டோபரில் லண்டனிலிருந்து பாரிஸுக்குப் போன ஹாண்ட்லி பேஜ் கம்பெனி விமானத்தில், பெட்டியில் அடைத்த சாப்பாட்டை மூன்று ஷில்லிங்குக்கு விற்றார்கள். இலவச விருந்தெல்லாம் பின்னால் வந்த ஆடம்பரம். வந்த வழியே அது திரும்பியும் போயிற்று. பிரிட்டிஷ் ஏர்வேஸ்கூட 2017 ஜனவரியில், ஐரோப்பாவுக்குள் போகிற குறுகிய பயணங்களின் சாதாரண வகுப்பில், இலவசச் சிற்றுண்டியை நிறுத்தி விற்பனைக்கு வைத்துவிட்டது. நம் நாட்டில் 2003-ல் ஏர் டெக்கான் வந்து, சோறு வேண்டாதவன் சோற்றுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டது. நியாயமான கேள்வி. 2006-ல் அவர்கள் விமானம் வாகைக்குளத்துக்கும் வந்தது. உப்புமாவுக்குத் தனியாகக் காசு வாங்குவதால்தான் எங்களைப் போன்றவர்களால் சீட்டே வாங்க முடிகிறது என்றால் நான் அதற்குச் சம்மதிக்கிறேன். ரயிலில் மட்டும் இலவசமா என்ன? ஆனால் ரயில் பாதையில் கோவில்பட்டி வரும், கடலை மிட்டாய் வரும்; சாத்தூர் வரும், காராச்சேவு வரும்; மணப்பாறை வரும், முறுக்கு வரும். ராத்திரி வண்டியில் குறட்டை விட்டுக்கொண்டே அவற்றைத் தாண்டிவிடுகிறோம் என்பது வேறு விஷயம். ஆகாயத்தில் சாத்தூர் கிடையாது, தள்ளுவண்டி ஒன்றுதான்.

பாதி வழியில் விமானம் குலுங்கிற்று. ஆவணிக் காற்று. ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தது. பிறகு இன்னொரு பள்ளம். பட்டையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி விளக்கு எரிந்தது. யாரோ ஒரு குழந்தை வீறிட்டது. பெரியம்மா மடியிலிருந்த பொட்டலத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "முருகா" என்றாள். அவள் சொன்னது வள்ளியூர்க் குன்றில் இருக்கிற முருகனை.

பணிப்பெண்கள் ஆசனம் ஆசனமாகப் பட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்தார்கள். அந்த வடகிழக்குப் பெண் எங்களிடம் வந்ததும் நின்றாள். நடைபாதையில் முழந்தாளிட்டு, என்னைத் தாண்டிக் கையை நீட்டிப் பெரியம்மாவின் விரல்களைத் தொட்டாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுந்து போய், ஆசனங்களைப் பிடித்துப் பிடித்து நடந்து, ஒரு காகிதக் கோப்பையில் அரைவாசி தண்ணீர் கொண்டுவந்தாள். வேணுமா என்று கேட்கவில்லை. பெரியம்மாவின் கையைப் பிரித்து அதில் கோப்பையை வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

பெரியம்மா அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். "இதுக்கு எவ்ளவு துட்டு?" என்று என்னைக் கேட்டாள். துட்டு இல்லை என்றேன்.

காற்று அடங்கி விளக்கு அணைந்த பிறகு அந்தப் பெண் இன்னொரு கோப்பை கொண்டுவந்தாள். இந்தத் தடவை பெரியம்மா தயாராக இருந்தாள். சுருக்குப்பையை அவிழ்த்து, ஒரு சில்லுக் கருப்பட்டியை எடுத்து வைத்திருந்தாள். உடன்குடிச் சரக்கு; சுக்கும் ஏலமும் வாசனை அடிக்கும். தண்ணீர் வந்த கையிலேயே அதைத் திணித்தாள். அந்தப் பெண் அது என்னவென்று அறியாமல் என்னைப் பார்த்தாள். பனைவெல்லம் என்று இங்கிலீஷில் சொல்ல முயன்றேன். பிரயாணிகளிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று விதி இருக்கலாம். திரும்பிப் பார்த்தாள், மற்றவள் பின்பக்கம் வேலையாக இருந்தாள். கருப்பட்டி வாய்க்குள் போயிற்று. அதன் பிறகு இறங்கும் அறிவிப்பை அவள்தான் படித்தாள். கன்னத்தில் ஒரு புடைப்புடன் படித்தாள் என்பது என் அனுமானம்.

வாகைக்குளம் இப்போது அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. 2025 ஜூலை 26 அன்று புதிய கட்டடத்தைப் பிரதம மந்திரி திறந்துவைத்தார். ஓடுபாதை 3,115 மீட்டருக்கு நீண்டிருக்கிறது. பெரிய ஜெட் வரலாம். தூக்குச்சட்டியோடு ஏறுகிற கிழவிகள் அதிலும் வருவார்கள். தூலூஸில் செய்தாலும் அமெரிக்காவில் செய்தாலும், ஒலிபெருக்கியில் நாலு வரி தமிழ் சேர்ப்பதற்கு ஓடுபாதையை நீட்ட வேண்டிய அவசியமில்லை.

அன்று மாலை ஆறரை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரியம்மாவைப் பார்த்ததும் உதடு கோணிற்று. சமாளித்துக்கொண்டு, "யக்கா, ஏரோப்ளேன்லயா வந்த?" என்றார்.

"ஆமாலே."

"என்ன குடுத்தாவ?"

"தண்ணி குடுத்தாவ."

"தண்ணி மட்டுமா?"

"ரெண்டு தரம் குடுத்தாவ" என்றாள் பெரியம்மா. மாமா சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று நர்ஸம்மா வந்து அதட்டினாள். அப்படியே பொட்டலத்தையும் மோந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டாள். புளிச்சோற்றை இரவு பத்து மணிக்கு நானும் மாமா மகனும் வராந்தாவில் உட்கார்ந்து தின்றோம்.

காலை ஆறு மணிக்குச் சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோது பெரியம்மா கதவுவரை கூடவே நடந்தாள். கதவு மூடியது. எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். காபி வாங்கிக் கொடுத்தேன், கையிலேயே ஆறிப்போயிற்று. பதினொன்றே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். பெரியம்மா அவரைக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எய்யா, இங்க இட்லி எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள்.